கூட்டமும் சேர்ந்து பாடிய இசைத்தட்டு

நாஞ்சில் நாட்டுக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு நடக்கும்போது எல்லார் கண்ணும் வலத்தே உட்கார்ந்து கதை பாடும் புலவர் மேல்தான் இருக்கும். இடத்தே இருந்து "ஆமா" போடுகிறவரை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அவர் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கதை நொண்டத் தொடங்கிவிடும். புலவர் மூச்சு வாங்க இடம் கொடுப்பதும், அடுத்த அடிக்கு அவரை உந்திவிடுவதும், கேட்கிற கூட்டத்தின் சார்பில் பேசுவதும் அந்த "ஆமா"தான்.

இப்படிப்பட்ட "ஆமா"வைச் சிந்தாமல் சிதறாமல் நாடாவில் பிடிப்பதற்காகவே ஓர் ஆல்பம் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், ஒரு காலத்தில் சினிமா தியேட்டராக இருந்து பின்னர் தேவாலயமாக மாறிய கட்டடம். நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சர்ச் என்று பெயர். பாடியவர் அரீத்தா ஃபிராங்க்ளின். ஆல்பத்தின் பெயர் 'அமேசிங் கிரேஸ்'. அதே ஆண்டு ஜூனில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அரீத்தா அப்போது சோல் இசையின் ராணி. கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயங்களில் வளர்ந்த பக்தி இசைக்கு காஸ்பல் என்று பெயர். அதே குரல், அதே உருக்கம், அதே கைதட்டலை எடுத்துக்கொண்டு, ஆண்டவர் இருந்த இடத்தில் காதலியையோ காதலனையோ வைத்தால் கிட்டத்தட்ட சோல். 1954இல் ரே சார்ல்ஸ் ஒரு காஸ்பல் பாட்டின் மெட்டை எடுத்துக் காதல் பாட்டாக்கியபோது பக்தர்கள் கொதித்தார்கள், இளைஞர்கள் ஆடினார்கள். அரீத்தா 1972இல் செய்தது எதிர்த்திசைப் பயணம். டெட்ராய்ட் நகரில் போதகரான தந்தை சி.எல். ஃபிராங்க்ளினின் சபையில் பாடிப் பழகியவர், சோல் இசையில் கற்ற எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பவும் தேவாலயத்துக்கே வந்தார். ஸ்டுடியோவில் பாடமாட்டேன், சபை நடுவில்தான் பாடுவேன் என்பது அவருடைய உறுதி.

அந்த உறுதிக்குப் பின்னால் பக்தி மட்டும் இல்லை, இயற்பியலும் இருக்கிறது.

முதலில் கட்டடம். நாகர்கோவில், மயிலாடி, மார்த்தாண்டம் பக்கத்துப் பெரிய தேவாலயங்களில் கொயரில் பாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: சனிக்கிழமை சாயங்காலம் காலி ஆலயத்தில் ஒத்திகை பார்க்கும்போது குரல் கூரை வரை ஏறி மிதக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்ததும் அதே பாட்டு சட்டென்று சுருங்கிக் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒலி நின்ற பிறகும் சுவர்களில் மோதி மோதி ஒலித்துக்கொண்டிருக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். 1890களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் இதை அளக்கத் தொடங்கி எளிய சூத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறைக்குள் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குக்கு 5,000 கன மீட்டர் கொள்ளும் ஓர் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். காலியாக இருக்கும்போது உறிஞ்சும் பரப்பு 200 சதுர மீட்டர் என்றால் எதிர்முழக்கம் சுமார் 4 விநாடி. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், சேலையும் சட்டையுமாக, ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் ஒலியைக் குடித்துவிடுவார். 600 பேர் வந்தால் 300 சதுர மீட்டர் கூடிவிடும்; 4 விநாடி 1.6 விநாடியாக இறங்கும். சபையார் ஒரு வார்த்தையும் பேசாமல், வந்து உட்கார்ந்ததாலேயே பாட்டின் நிறத்தை மாற்றிவிடுகிறார்கள். அரீத்தா பாடிய பழைய தியேட்டரோ வசனம் தெளிவாகக் கேட்பதற்காகக் கட்டப்பட்டது, ஆகவே எதிர்முழக்கம் குறைவு. மெல்லிய மூச்சும், முன்வரிசையில் ஒருவர் "ஆமென்" என்று முணுமுணுப்பதும் கலங்காமல் மைக்கில் விழ அது தோதான இடம்.

அடுத்தது சேர்ந்திசைக் குழு. காஸ்பல் இசைக்கலைஞர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் உருவாக்கிய சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயர் அரீத்தாவின் பின்னால் அணிவகுத்திருந்தது. கைகாட்டி நடத்தியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். ஒருவருக்குப் பதில் 30 பேர் பாடினால் சத்தம் 30 மடங்கு கூடும் என்றுதான் நினைப்போம். ஆற்றல் 30 மடங்குதான். காதோ அதை 15 டெசிபெல் ஏற்றமாக மட்டுமே வாங்கிக்கொள்கிறது. கேட்பவருக்குச் சத்தம் மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் கூடியதாகத் தோன்றும். அப்படியென்றால் 30 பேர் எதற்கு? கனத்துக்காக. எவ்வளவு பயிற்சி இருந்தாலும் இரண்டு தொண்டைகள் ஒரே சுருதியில் மயிரிழை பிசகாமல் நிற்காது. ஒருவர் 440 அதிர்வில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் 441, இன்னொருவர் 439.5. இந்த நுண்ணிய வித்தியாசங்கள் ஒன்றையொன்று உரசி, ஒலிக்குள் மெல்லிய அலையடிப்பை உண்டாக்குகின்றன. அந்த அலையடிப்பைத்தான் நாம் "கொயர் மாதிரி இருக்கு" என்று அடையாளம் காண்கிறோம். எல்லாரும் துல்லியமாகப் பாடிவிட்டால் அது பெருக்கப்பட்ட ஒற்றைக் குரலாகக் கேட்கும். மனிதத் தொண்டையின் சின்னப் பிசகுகளிலிருந்து இத்தனை அழகு கிளம்புவது என்னை ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுத்துகிறது.

இனி மைக். பாடகி சபையைப் பார்த்து நிற்கிறார். மைக் அவர் வாயைப் பார்த்து நிற்கிறது. அப்படியென்றால் மைக் பார்க்கும் அதே திசையில், அவருக்குப் பின்னால், முழு கொயரும் இருக்கிறது! ஒரு திசை ஒலியை மட்டும் வாங்கும் மைக்கைப் போட்டாலும் இங்கே பயனில்லை. காப்பாற்றுவது தூரம்தான். தூரம் இரட்டித்தால் ஒலியின் ஆற்றல் நான்கில் ஒன்றாகிறது. வாய் மைக்கிலிருந்து 5 செ.மீ. தள்ளியும் கொயர்க்காரர் ஒருவர் 3 மீட்டர் தள்ளியும் நின்றால் தூரம் 60 மடங்கு. ஆற்றல் வித்தியாசம் 3,600 மடங்கு. 30 பேரும் ஒன்றாகச் சேர்ந்து பாடினாலும் அரீத்தாவின் குரல் 120 மடங்கு முன்னால் நிற்கும். ஒலிப்பதிவாளர்கள் கசிவு என்று அழைக்கும் அந்த மிச்சம், அதாவது பின்னாலிருந்து வந்து விழும் கொயரின் சாயல், இந்த ஆல்பத்தில் ஒரு குறையாக இல்லாமல் பலமாக அமைந்தது. கண்ணை மூடிக் கேட்டால் யார் முன்னால், யார் பின்னால் என்று காதே சொல்லிவிடும்.

இந்தக் குரல்களுக்கு அடியில் நெளிந்துகொண்டே இருப்பது ஆர்கன். வாசித்தவர் கென் லப்பர். காஸ்பல் இசையின் அடையாளமாகிவிட்ட ஹாம்மண்ட் ஆர்கனைக் கண்டுபிடித்த லாரன்ஸ் ஹாம்மண்ட், சங்கீதக்காரர் இல்லை, மின்கடிகாரம் செய்தவர். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகளுக்கு 1935இல் தன் கருவியை விற்க ஆரம்பித்தார். உள்ளே 91 சிறிய எஃகுச் சக்கரங்கள், விளிம்பில் பல் பல்லாக வெட்டப்பட்டவை, ஒரே மோட்டாரில் சுழல்கின்றன. ஒவ்வொரு பல்லும் பக்கத்திலுள்ள காந்தத்தைக் கடக்கும்போது கம்பிச்சுருளில் ஒரு மின் துடிப்பு. விநாடிக்கு 440 பல் கடந்தால் 440 அதிர்வுள்ள சுரம். விசைப்பலகைக்கு மேலே இழுத்துத் தள்ளும் ஒன்பது சட்டங்கள் ஒரு தொகுதி. ஒவ்வொன்றும் ஒரு துணைச்சுரத்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்று தீர்மானிக்கும். சட்டத்துக்கு ஒன்பது நிலைகள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 38 கோடிக்கும் மேற்பட்ட கலவைகள்.

கடிகாரக்காரரின் புத்தி இன்னொரு விஷயத்திலும் தெரிகிறது. அந்த மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணோடு கட்டப்பட்டது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. வாட்ஸில் சுருதி சுத்தமாக ஒலித்த ஆர்கனை அப்படியே கொண்டுவந்து, மின்னழுத்தத்தை மட்டும் மாற்றி நாகர்கோவிலில் செருகினால், எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய மூன்று சுரஸ்தானம் கீழே இறங்கிவிடும்!

ஆர்கனின் ஒலி வெளியே வரும் பெட்டி இன்னொரு விந்தை. டான் லெஸ்லி 1940 வாக்கில் உருவாக்கிய ஒலிபெருக்கி அது. உள்ளே ஒரு கொம்புக்குழல் விநாடிக்கு ஆறேழு முறை சுற்றும். ஹாரன் அடித்துக்கொண்டே வரும் பஸ் நம்மைக் கடந்ததும் சத்தத்தின் சுருதி இறங்குமே, அதுவேதான் இந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. குழல் நம் பக்கம் வரும்போது சுருதி ஒரு பொட்டு ஏறும், விலகும்போது இறங்கும். கேட்பவருக்கு அது நடுக்கமாக, அழுகைக்கு முந்தைய தழுதழுப்பாகப் படுகிறது. ஹாம்மண்டுக்கு லெஸ்லியின் பெட்டி கடைசி வரை பிடிக்கவில்லை. தேவாலயங்கள் அவர் பேச்சைக் கேட்கவும் இல்லை.

இப்போது பாட்டுக்கு வருவோம். ஆல்பத்தின் தலைப்புப் பாடலின் வரிகளை எழுதியவர் ஜான் நியூட்டன். அடிமைக் கப்பல் தலைவராக இருந்து பிறகு போதகரானவர். 1773 புத்தாண்டு நாளன்று இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் நடந்த ஆராதனைக்காக எழுதினார். இன்று நாம் அறிந்த மெட்டு அதோடு சேர்ந்தது 1835இல், அமெரிக்காவில் வில்லியம் வாக்கர் தொகுத்த பாட்டுப் புத்தகத்தில். அந்த மெட்டை ஆர்மோனியத்தில் தேடிப் பாருங்கள். ஐந்தே சுரங்கள்: ச ரி க ப த. மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. மோகனத்தின் அதே ஐந்து கட்டைகள். கமகமும் சஞ்சாரமும் வேறு என்பதால் இது மோகன ராகமாகிவிடாது. ஆனாலும் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பிறந்த ஒரு மெட்டு நம் காதுக்குப் பழகியதாகத் தோன்றக் காரணம் இருக்கிறது.

சபையார் சேர்ந்து பாடினால் இந்தப் பாட்டின் ஒரு சரணம் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அரீத்தாவின் பதிவு கிட்டத்தட்ட 11 நிமிடம். வரிகள் கூடவில்லை. ஒவ்வோர் அசையையும் பிடித்து, நீட்டி, வளைத்து, ஏழெட்டுச் சுரங்கள் வழியாக நடத்திக்கொண்டு போகிறார். மேற்கத்தியர் இதை மெலிஸ்மா என்கிறார்கள். நமக்கு இது விருத்தம் பாடும் முறைக்கு மிக நெருக்கம். தாளம் இல்லை, டிரம்ஸ் வேலை செய்யவில்லை, வரிக்கு வரி நின்று நிதானிக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சபை பாய்ந்து உள்ளே வருகிறது: கூவல், கைதட்டல், பெயர் சொல்லி ஊக்கம். அந்தப் பதில் வந்த பிறகுதான் அடுத்த அடியை எவ்வளவு உயரத்தில் எடுப்பது என்று தீர்மானிக்கிறார். எழுதிவைத்த சுரக்குறிப்பால் இதைச் செய்ய முடியாது.

இந்தப் பழக்கத்தின் வேர் பழையது. பாட்டுப் புத்தகம் அரிதாக, எழுத்து பலருக்கு மறுக்கப்பட்டிருந்த காலத்தில், ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, சபை அதை வாங்கி மெல்ல நீட்டிப் பாடும். குமரி மாவட்டத்துக்கு இது அந்நியமான கதை இல்லை. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் பணி தொடங்கியபோது சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறிவு கிட்டாத எளிய மக்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் தொகையில் சுமார் 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். ஒரே ஆராதனையில் பாமாலையிலிருந்து நான்கு குரல்களில் ஒரு பாட்டும், கீர்த்தனையிலிருந்து ராக தாளத்தோடு இன்னொரு பாட்டும் பாடுகிற சபைகள் இங்கே உண்டு. இரண்டு இசை மரபுகளையும் ஒரே தொண்டையில் வைத்திருக்கிறவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை.

வேகமான பாட்டுகளில் கணக்கு வேறு. காஸ்பலில் பழக்கமான ஒரு நடைக்கு நான்கு அடி; ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று துடிப்பு. தகிட தகிட தகிட தகிட. நம் திஸ்ர நடைதான். ஆனால் கைதட்டல் விழும் இடம் மாறுகிறது. பஜனையில் முதல் அடியில் தட்டிப் பழகிய கை, இங்கே இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். பெர்னார்ட் பர்டியின் டிரம்ஸும் சக் ரெய்னியின் பேஸ் கிட்டாரும் நடையைத் தாங்கிக்கொள்ள, இரண்டிலும் நான்கிலும் சபையும் சேர்ந்து தட்டுகிறது. கைதட்டும் கூட்டம் தானாகவே வாத்தியக்காரராகிவிடுகிறது. பாட்டு முடியப்போகும் நேரத்தில் வேம்ப் என்ற பகுதி வரும். கொயர் ஒரே ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருக்கும், முன்பாடகி அதன் மேல் ஏறி விளையாடுவார். கச்சேரியில் நிரவலுக்குக் கிட்டிய உறவு. ஒரே வித்தியாசம், இங்கே வரியைத் தாங்கிப் பிடிப்பது முப்பது குரல்.

துணிச்சலான வேலை ஒன்றும் இந்த ஆல்பத்தில் உண்டு. காஸ்பலின் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் டார்சி 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துயரத்தில் எழுதிய பாட்டையும், காரல் கிங் 1971இல் வெளியிட்ட நட்பைப் பற்றிய பாப் பாட்டையும் ஒன்றாகப் பின்னிப் பாடுகிறார்கள். ஒரு பாட்டு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தையல் தெரியாது. ஜெபமும் வானொலிப் பாட்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று வாதாடிக்கொண்டிருக்காமல், பாடியே காட்டிவிட்டார்கள்.

இத்தனையும் போய்ச் சேர்ந்தது பழுப்பு நிற நாடாவில். அந்நாளைய தொழில்முறைப் பதிவுக் கருவியில் 2 அங்குல அகல நாடா, அதில் அருகருகே 16 தடங்கள் வரை. விநாடிக்கு 38 செ.மீ. ஓடும் வேகத்தில், அந்த 11 நிமிடப் பாட்டு ஒன்றுக்கே கால் கிலோமீட்டர் நாடா வேண்டும். நாடா முழுக்க இரும்பு ஆக்சைடு துகள்கள். பாடகியின் மூச்சுக்கு ஏற்ப அவற்றின் காந்தத் திசை மாறி அப்படியே உறைந்துவிடும். பிறகு அது இசைத்தட்டில் தலைமுடியை விட மெல்லிய ஒரு சுருள் பள்ளமாகிறது. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால், அந்தப் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 450 மீட்டர்.

ஆல்பத்தில் நாம் கேட்பது ஒரே இரவின் நேரடிப் பதிவு இல்லை. சில பாட்டுகளை இரண்டு இரவும் பாடினார்கள்; சிறந்ததைத் தேர்ந்து, வரிசையை மாற்றி, ஓர் ஆராதனை போலக் கோத்தவர்கள் அரீத்தாவும் தயாரிப்பாளர்கள் ஜெர்ரி வெக்ஸ்லரும் ஆரிஃப் மார்டினும். 1999இல் இரண்டு இரவுகளின் முழுப்பதிவும் வெளிவந்தபோதுதான் இந்தக் கோர்ப்பு எவ்வளவு நுட்பமானது என்று வெளியே தெரிந்தது.

ஒலிக்கு இவ்வளவு கவனம் எடுத்தவர்கள் அந்த இரவுகளைப் படமாக்குவதில் சறுக்கினார்கள். திரைப்பட இயக்குநர் சிட்னி போலாக் தலைமையில் பல காமிராக்கள் இரண்டு இரவும் ஓடின. காட்சி தொடங்கும்போது கிளாப் பலகை தட்டவில்லை. "டக்" என்ற அந்த ஓசையும் பலகை மூடும் அந்த ஒரு பிம்பமும் இல்லாவிட்டால், விநாடிக்கு 24 பிம்பம் ஓடும் படச்சுருளை நாடாவோடு எங்கே பொருத்துவது? பத்து பதினைந்து படத் துண்டுகள் என்றால் கையால் தேடிப் பார்க்கலாம், இவையோ மணிக்கணக்கில் ஓடும் துண்டுகள். படம் கிடங்கில் கிடந்தது. 2007க்குப் பிறகு தயாரிப்பாளர் ஆலன் எலியட் கணினித் தொழில்நுட்பத்தால் உதட்டையும் ஒலியையும் பொருத்தினார். அரீத்தா உயிரோடு இருந்தவரை வெளியிட இசையவில்லை. 2018 ஆகஸ்டில் அவர் காலமானார். அந்த நவம்பரில், பாடி 46 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் முகத்தில் வழியும் வியர்வையையும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தந்தையையும் உலகம் பார்த்தது.

நம்மூரில் இன்று கிறிஸ்தவப் பாடல் ஆல்பங்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் சின்ன ஸ்டுடியோவில், காதில் தாளத் துடிப்பு கேட்க, முதலில் கீபோர்டு, அடுத்த நாள் குரல், அதற்கடுத்த வாரம் கோரஸ் என்று தனித்தனியாகச் சேர்க்கிறார்கள். சுருதி சுத்தமாக இருக்கிறது. ஆனால் கோரஸ் பாடுகிறவர் யாருக்குப் பதில் சொல்கிறாரோ அவர் அந்த அறையில் இல்லை. பாடகர் எப்போது நிதானிக்க வேண்டும் என்று சொல்லச் சபையும் இல்லை. எனக்கு ஓர் ஆசை. டிசம்பர் கீத ஆராதனை நாட்களில், நிறைந்த ஓர் ஆலயத்தில், ஒரு கீர்த்தனை ஆல்பத்தை முழுசாகப் பதிவு செய்ய வேண்டும். 1972இல் இதற்கு வெளியே ஒரு லாரி நிறையக் கருவி வேண்டியிருந்தது. இன்று 16 மைக்கை வாங்கித் தனித்தனித் தடமாகச் சேமிக்கும் மிக்சர் ஒரு பெட்டியில் அடங்கிவிடுகிறது, வாடகைக்கும் கிடைக்கிறது. பாடகருக்கு ஒன்று, நான்கு குரல்களுக்கும் நான்கு, ஆர்மோனியம், தபேலா, வயலின், ஆர்கன். மிச்சமிருக்கும் மைக்குகளைச் சபையார் தலைக்கு மேலே, அவர்களைப் பார்த்துக் கட்ட வேண்டும். இரண்டு இரவு பாட வேண்டும். முதல் இரவில் சபைக்கு மைக் கூச்சம் இருக்கும். இரண்டாம் இரவில் அது போய்விடும், பாட்டு எங்கே தங்களுக்கு இடம் விடுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். காமிரா வைத்தால் கிளாப் பலகையை மறக்காமல் தட்ட வேண்டும்.